பெயர்ப்பலகை இல்லாத வீடு

“பெரியம்மா, இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் போர்டே இல்ல?”

பொன்னி இதைக் கேட்டது இந்த வீட்டுக்கு வந்த புதிதில். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது ரேஷன் கடை, மருந்துக் கடை, டைலர் கடை என்று வழியெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வருவாள். வாசலுக்கு வந்ததும் படிக்க ஒன்றும் இல்லாமல் போய்விடும்.

ஹமீதா பானு அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல் பதில் சொன்னார். “பலகாரம் சுடுற வீட்டுக்குப் போர்டு எதுக்கும்மா? அதான் வாசனை சொல்லுதே.”

குழந்தை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டியது.

ஹமீதா சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய கடலோர ஊர் அது. தெருவில் எல்லோருக்கும் அது தம்ரூட் வீடு. ரவையும் பாலும் முட்டையும் நெய்யும் சேர்த்து, மேலும் கீழும் தணல் வைத்து வேகவைக்கிற அந்த இனிப்பு இல்லாமல் அங்கே கல்யாணம் நடப்பதில்லை. அந்த வேலைக்கென்று பெண்கள் வருவார்கள், போவார்கள். சிலர் குழந்தையோடு வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். பெண்கள் பலகாரம் செய்யும் வீட்டுக்குள் ஆண்கள் எட்டிப் பார்ப்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. அதனால் யாரும் எதுவும் கேட்டதில்லை.

வந்தவர்களில் பலர் அடித்தவன் கையிலிருந்து தப்பி வந்தவர்கள் என்பது ஹமீதாவுக்கும், அங்கே ஆலோசகராக வேலை பார்க்கும் சுமையாவுக்கும், நகராட்சியில் ஓரிருவருக்கும்தான் தெரியும். நகராட்சியின் வன்முறைத் தடுப்பு நிதியிலிருந்து வரும் மானியத்தில்தான் சுமையாவின் சம்பளமும், அரிசி பருப்பும், ஆஸ்பத்திரிச் செலவும், கோர்ட்டுக்கு அலையும் செலவும் நடந்தன. வீடு மட்டும் ஹமீதாவுடையது. கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுப்பது அந்த ஊர் வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்க வேண்டும்.

பொன்னியின் அம்மா குந்தவைக்கு இதை முதலில் நம்பவே முடியவில்லை. அவள் ஒரத்தநாட்டுப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

“பொண்ணு பேர்லயா வீடு? அப்ப சண்ட வந்தா?”

“சண்ட வந்தா மாப்பிள்ளதான் பாயச் சுருட்டிக்கிட்டு அவங்க உம்மா வீட்டுக்குப் போவணும்.”

குந்தவை சிரித்தாள். வந்து சேர்ந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த கையோடு அழவும் செய்தாள். ஹமீதா அவளைத் தேற்றவில்லை. ரவை வறுக்கிற கரண்டியை அவள் கையில் கொடுத்து, “அடி பிடிக்காம கிண்டு” என்றார். அழுகிறவர்களுக்கு அழ ஓர் இடமும், கைக்கு ஒரு வேலையும் கொடுத்தால் மிச்சத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பது அவர் நம்பிக்கை.

கரண்டி பிடித்த அந்த வலது கை முழங்கைக்குக் கீழே சற்று வளைந்திருந்தது. அது ஒடிந்த கதையைக் குந்தவை ஒரு மதியம் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். அவள் கணவன் ராஜ்குமார் குட்டியானை என்கிற சின்ன லாரியில் பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் லோடு அடிக்கிறவன். நிலத்தை விற்றுப் பெரிய லாரி வாங்கித் தரச் சொல்லித் தகப்பனோடு தினமும் தகராறு. தகப்பன் துரைக்கண்ணு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்திருந்தவர். அவரைக் கழுவித் துடைத்து, வாயில் கஞ்சி ஊட்டி, சுவரைப் பிடித்து நடக்கப் பழக்கியவள் குந்தவை. அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள், கையெழுத்துப் போட மாட்டேன் என்றதற்கு ராஜ்குமார் அவர்மேல் மண்வெட்டிப் பிடியை ஓங்கினான். குந்தவை நடுவில் போய் நின்றாள். அடி அவள் கையில் விழுந்தது.

“ஆஸ்பத்திரில போலீஸ்காரரு வந்து கேட்டாருக்கா. இவரு, ‘களத்துல வழுக்கி விழுந்துட்டா சார்’னாரு. மாமா பக்கத்துலதான் நின்னாங்க. ‘அப்படியா பெரியவரே?’ன்னு அவங்களயும் கேட்டாரு. தலைய ஆட்டிட்டாங்க.”

“பயந்திருப்பாரு.”

“எனக்கும்தான் பயமா இருந்துச்சு.”

ஹமீதா துலக்கிய பாத்திரத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

“ஆனா ஒண்ணுக்கா,” என்றாள் குந்தவை. “மாமா கெட்டவங்க இல்ல. பொன்னிமேல உசுரு.”

குந்தவை வீட்டைவிட்டு வந்த பிறகு ராஜ்குமார் அவளுடைய தாய்வீட்டில் போய்க் கதவை உடைத்தான். அத்தை வீட்டில், தோழி வீட்டில், திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டில் என்று தேடினான். எங்கே பார்த்தாலும் இரண்டு பேரையும் அங்கேயே வெட்டிப் போடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அவன் சொன்னதைச் செய்கிறவன் என்பதற்கு அவளுடைய கையே சாட்சி.

அந்த வருஷம் மானியம் வரவில்லை. புரட்டாசி முழுக்கத் தம்ரூட் விற்ற காசில்தான் வீட்டில் உலை கொதித்தது. சுமையா சம்பளம் வாங்காமலே வந்துகொண்டிருந்தாள். நிதி பெறும் இடத்தில் திட்டத்தின் பெயரும் முகவரியும் எழுதிய பலகை வைத்து, அதைப் படம் எடுத்து அனுப்பினால்தான் பணம் தர முடியும் என்று மேலே இருந்து ஒரு விதி வந்திருந்தது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பொருந்துகிற விதி. இந்த வீட்டுக்கு அது பொருந்தாது என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

வார்டு கவுன்சிலர் ஜெய்னுலாபுதீன் அந்த ஆளாக வந்தார். துபாயில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து பெயின்ட் கடை வைத்திருப்பவர். ஹமீதாவை ‘ராத்தா’ என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார்; சுமையாவுக்கு அவர் ‘காக்கா’, அதாவது அண்ணன். நகராட்சிக்கும் தஞ்சாவூருக்கும் தன் கைக்காசைப் போட்டு அலைந்தார். கடைசியில் பலகையை வீட்டுக்குள் மாட்டினால் போதும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். ஃபைலில் வைக்க ஒரு படம் வேண்டும் என்றார். ஹமீதா தம்ரூட் தட்டோடு வாசலில் நிற்க, பக்கத்தில் அவர் நிற்க, கடைப் பையன் போனில் எடுத்தான். ஐப்பசி பிறந்ததும் நடந்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஜெய்னுலாபுதீன் வாசலில் வந்து நின்று, “ராத்தா, பாஸாயிடுச்சு!” என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது.

நல்ல மனிதர். நன்றி மறக்காதவர். அதுதான் வினையாயிற்று.

*

இரண்டு நாள் கழித்து, காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. குந்தவைக்குப் பாதுகாப்பு உத்தரவு கேட்டுப் போட்டிருந்த மனு அன்று பட்டுக்கோட்டை கோர்ட்டில் வந்தது. சுமையா முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள். வீட்டில் ஒரு கல்யாண ஆர்டருக்கு ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது. மழை என்று பொன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

ஹமீதாவின் போன் அடித்தது.

“மாமி, குந்தவ பக்கத்துல இருக்காங்களா? கொஞ்சம் தள்ளி வாங்க.” சுமையாவின் குரலில் மூச்சு வாங்கியது. “பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்க. நம்ம வீடு மாமி. நீங்களும் ஜெய்னு காக்காவும் வாசல்ல நிக்கிற படம். ‘பெண்கள் பாதுகாப்பு இல்லத்திற்கு நிதி வழங்கிய நகர்மன்றத் தலைவருக்கு நன்றி நன்றி நன்றி.’ கீழ ஊர் பேரு, தெருப் பேரு, எல்லாம் போட்டிருக்கு.”

ஹமீதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“இன்னொண்ணு மாமி. படத்துல ஜன்னல் தெரியுது. ஜன்னல்ல பொன்னி நிக்கிறா. பல்லு தெரியச் சிரிக்கிறா.”

குந்தவை கரண்டியோடு வந்து நின்றிருந்ததை ஹமீதா அப்போதுதான் பார்த்தார். அவள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“சுமையா, அங்கன பக்கத்துல மஞ்சக் கலரு குட்டியானை நிக்குதா பாரு. பின்னாடி ‘பொன்னி’ன்னு எழுதிருக்கும்.”

மழைச் சத்தமும், பஸ்கள் உறுமுவதும், ஒருவன் ஊர்ப் பெயர்களைக் கூவுவதும் போனில் கேட்டன.

“நிக்குது,” என்றாள் சுமையா. “ஃப்ளெக்ஸுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது. உள்ள யாரோ படுத்திருக்க மாதிரி இருக்கு. கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கு, தெரியல.”

அடுப்பில் ரவை தீய்ந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

சுமையா அந்த ஃப்ளெக்ஸை இழுத்துப் பார்த்திருக்கிறாள். எட்டவில்லை. டீக்கடைக்காரர், “யம்மா, கட்சி பேனர்ல கைய வச்சிராத, வம்பாப் போயிடும்” என்று அதட்டியிருக்கிறார். கோர்ட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் மனு தள்ளிப் போய்விடும். அதையும் விட முடியாது. “நீ கோர்ட்டுக்குப் போம்மா,” என்றார் ஹமீதா. “இங்க நான் பாத்துக்கிறேன்.” எதை, எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையிலேயே பெயின்ட் கடைக்கு நடந்தார். ஜெய்னுலாபுதீன் அவரைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தார்.

“வாங்க ராத்தா! பாத்தீங்களா? முக்குல ஒண்ணு வச்சிருக்கேன், பட்டுக்கோட்டையில ஒண்ணு. இன்னிக்குத் தலைவர் வீட்டுக் கல்யாணம் அங்க மண்டபத்துல. வர்ற வழியில அவர் கண்ணுல படணும்ல? அடுத்த வருஷமும் அவர்கிட்டதான போய் நிக்கணும்.”

“தம்பி, அந்தப் படத்துல ஜன்னல்ல யாரு இருக்கான்னு பாத்தீங்களா?”

அவர் போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து சட்டையெல்லாம் டீ வழிந்தது.

“யா அல்லாஹ். நன்றி சொல்லத்தான ராத்தா வச்சேன். தெருப் பேரு ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கேட்டான், சொல்லிட்டேன். எல்லாத்துக்கும் போடுவோமே, அந்த நெனப்புல...”

காதுகுத்துக்கும், கல்யாணத்துக்கும், கண்ணீர் அஞ்சலிக்கும் படத்தோடு முகவரியோடு பேனர் கட்டுகிற ஊரில் அவர் கையும் தன் பழக்கத்தைச் செய்திருக்கிறது. ஹமீதாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் வழியும் டீயைத் துடைக்காமல் எதிரில் நிற்பவரைப் பார்த்ததும், வாய்க்கு வந்த சொல்லை விழுங்கிக்கொண்டார்.

“அத அப்புறம் பேசிக்கலாம். போங்க தம்பி. சீக்கிரம் போங்க.”

முக்கில் இருந்ததை அவரே ஏணி போட்டு ஏறி அறுத்துப் போட்டார். அறுவாளை ஒரு பையில் சுற்றிக்கொண்டு, மழைக்கோட்டுக்கூட இல்லாமல் பைக்கில் பட்டுக்கோட்டைக்குப் பறந்தார்.

*

வீட்டில் கதவுக்குத் தாழ் போட்டு, உள்ளே அம்மிக்குழவியை அண்டை கொடுத்தார்கள். அங்கே தங்கியிருந்த மற்ற இரண்டு பெண்களும் தங்கள் பைகளைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களையும் தேடுகிறவர்கள் இருந்தார்கள். ஒரு வீட்டின் பெயர் வெளியே தெரிந்துவிட்டால் அது அந்த ஒருத்தியோடு நிற்பதில்லை.

“நாங்க போயிடுறோம்க்கா,” என்றாள் குந்தவை. “எங்களால எல்லாருக்கும் ஆபத்து.”

“எங்க போவ?”

“எங்கயாவது.”

“எங்கயாவதுங்கிற ஊருக்கு எந்த பஸ்ஸும் போவாதும்மா. உக்காரு.”

பொன்னி ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். “பெரியம்மா, நான் படத்துல வந்துட்டேனா? அதுக்குத்தான் அம்மா அழுவுதா?”

ஹமீதா குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “நீ ஒண்ணும் பண்ணல தங்கம்.” மதிய ளுஹர் தொழுகை நேரம் வந்தது. பாயை விரித்துத் தொழுதார். சஜ்தாவில் நெற்றியை வைத்தவர் நெடுநேரம் எழவில்லை. அரபியில் ஓதுவதெல்லாம் ஓதி முடித்த பிறகு, தமிழில் ஒரே ஒரு வரிதான் அவருக்கு வந்தது. ‘யாரையாவது அனுப்பு.’

அவர் பாயைச் சுருட்டும்போது ஜெய்னுலாபுதீனின் போன் வந்தது.

“ராத்தா, ஃப்ளெக்ஸ் இல்ல.”

“இல்லன்னா?”

“சட்டம் மட்டும் நிக்குது. நாலு பக்கமும் கயிறு அறுபட்டிருக்கு. நான் வர்றதுக்கு முன்னாடியே யாரோ எடுத்துட்டாங்க. டீக்கடைக்காரர் கடைய மூடிட்டாரு. யாரக் கேட்டாலும் தெரியலங்குறாங்க.”

“அந்த மஞ்ச வண்டி?”

“அதுவும் இல்ல, ராத்தா.”

குந்தவைக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹமீதாவின் முகத்தைப் பார்த்தே அவள் எழுந்து, பொன்னியின் பள்ளிப் பையிலிருந்த புத்தகங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் துணிகளை உள்ளே அடுக்கத் தொடங்கினாள். ஃப்ளெக்ஸும் இல்லை, வண்டியும் இல்லை. அவன் பார்த்துவிட்டான். அறுத்து எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறான். வேறு எப்படி நினைக்க முடியும்?

பட்டுக்கோட்டையிலிருந்து இங்கே வர ஆகும் நேரம் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் கடந்தது. தெருவில் போன ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எல்லோரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். போலீசுக்குச் சொன்னார்கள், வந்தால் கூப்பிடுங்கள் என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எதைச் சொல்லி உதவி கேட்பது? தம்ரூட் வீட்டுக்கு அப்படி என்ன ஆபத்து வந்துவிடும்?

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கதவு தட்டப்பட்டது. குந்தவை பொன்னியின் வாயைப் பொத்தினாள். ஹமீதா எழுந்துபோய்க் கதவின் மறுபக்கம் நின்றார். கையில் தணல் அள்ளுகிற இரும்புக் கரண்டி.

“யாரு?”

“ஆட்டோங்க. கல்யாண வீட்லேர்ந்து. தம்ரூட் ரெடியான்னு கேட்டு அனுப்புனாங்க.”

ரவை தீய்ந்துபோய்க் கிடந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஹமீதா ஒரு கல்யாண வீட்டுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

அந்தி சாய்வதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நாகூரில் அவருடைய சின்னம்மா மகள் ஷமீரா, தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறாள். நேர்ச்சைக்காக வந்து நாள்கணக்கில் தங்குகிற பெண்கள் அங்கே ஏராளம். எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. பெயர்ப்பலகை இல்லாத இன்னொரு இடம். ஜெய்னுலாபுதீன் தன் மச்சானைக் காரோடு கூட்டிவந்து வாசலை ஒட்டி நிறுத்த வைத்தார். குந்தவையும் பொன்னியும் ஹமீதாவின் கறுப்பு அங்கியை ஆளுக்குப் பாதியாகப் போர்த்திக்கொண்டு ஏறினார்கள். கார் புறப்படும்போது பொன்னி எட்டிப் பார்த்து, “பெரியம்மா, எங்க மிஸ்கிட்ட சொல்லிடுங்க, நான் லீவு இல்ல, வந்துருவேன்னு” என்றாள்.

கார் போன பிறகும் ஜெய்னுலாபுதீனின் கண்ணில் நீர் நிற்கவில்லை. “பணத்த வாங்கிக் குடுத்து வீட்ட அழிச்சிட்டேன் ராத்தா.”

ஹமீதா உள்ளே போய், காலையில் வெந்திருந்த ஒரே தட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். “காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. தின்னுங்க.”

அன்றும் யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கார்த்திகை பிறந்தது. கோர்ட் உத்தரவு கிடைத்தது. எந்த மஞ்சள் வண்டியும் அந்தத் தெருவுக்குள் நுழையவில்லை. ராஜ்குமார் இன்னும் திருப்பூரில்தான் தேடிக்கொண்டிருக்கிறான் என்று குந்தவையின் அண்ணன் மூலம் தகவல் வந்தபோதுதான், அந்தப் படத்தை அவன் பார்க்கவில்லை என்பது உறுதியாயிற்று. நாகூரிலிருந்து இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். பொன்னி மறுபடியும் வழியெல்லாம் பலகைகளைப் படித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அறுத்தது யார் என்று ஹமீதா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் யோசிப்பார். பெயர் தெரியாத அந்த ஆளுக்காக துஆ கேட்பார். அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

*

அன்று காலை அந்த மஞ்சள் வண்டியில் ராஜ்குமாரோடு அவன் தகப்பன் துரைக்கண்ணுவும் பட்டுக்கோட்டைக்கு வந்திருந்தார். அறுத்த குறுவை நெல் கொள்முதல் நிலையத்து முற்றத்தில் வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. எடை போடவில்லை. மூட மழைப்படுதா வேண்டும்.

“போய் வாங்கிட்டு வா. நான் செத்த படுக்குறேன்,” என்று சொல்லிவிட்டு ராஜ்குமார் வண்டிக்குள்ளேயே சாய்ந்துகொண்டான். முந்தின நாள் குடித்தது இன்னும் இறங்கவில்லை.

துரைக்கண்ணு இடது காலை இழுத்து இழுத்து மூன்று கடை ஏறி இறங்கினார். மாவட்டம் முழுக்க நெல் நனைகிறது. படுதா எங்கே கிடைக்கும்? திரும்பி வரும்போது மழைக்கு ஒதுங்கி நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

ஜன்னலில் பொன்னி சிரித்துக்கொண்டிருந்தது. முன்பல் விழுந்து புதுப்பல் பாதி முளைத்திருந்தது. அந்தப் பல் ஆடத் தொடங்கியபோது தாத்தாவிடம்தான் முதலில் வந்து காட்டியது.

அவர் கீழே இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு திரும்பி வண்டியைப் பார்த்தார். மகன் எழுந்து கண்ணாடியைத் துடைத்து இந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

வண்டிக்குப் போய்க் கதவைத் தட்டினார். “படுதா எங்கயும் இல்லடா. அங்க எடை போட ஆரம்பிச்சிட்டாங்களாம். போன் வந்துச்சு. நீ முன்னால போ. நான் பஸ்ஸுல வாரேன்.”

“எடையா? இந்த மழையிலயா? எவன் சொன்னான்?”

“போடா. எடத்த வேற எவனாவது புடிச்சிருவான்.”

ராஜ்குமார் ஒரு கெட்ட வார்த்தையை உதிர்த்துவிட்டு, எதிர்ப்பக்கமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். துரைக்கண்ணு மடியிலிருந்த கதிர் அறுவாளை எடுத்தார். விழுந்துவிடாமல் இருக்க வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே, நடக்கவே தடுமாறுகிற அந்தக் காலை வைத்துச் சட்டத்தில் ஏறினார்.

“பெருசு, இறங்கு! கழுத்து கிழுத்து முறிஞ்சிரப் போவுது!” என்று பஸ்ஸுக்கு நின்ற ஒருவன் கத்தினான்.

“நெல்லு நனையுதுப்பா,” என்றார் அவர்.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நெல் நனைகிற காலத்தில் ஃப்ளெக்ஸை அவிழ்ப்பது அந்தப் பக்கத்தில் குற்றமில்லை.

அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஊர் வந்ததும் கொள்முதல் நிலையத்துப் பக்கம் போகவில்லை. அங்கே அதை விரித்தால் நாலு பேர் பார்ப்பார்கள். அச்சடித்த பக்கத்தைக் கீழே போட்டு மூடினாலும், மூட்டை பிடிக்கும்போது மகன்தான் அதைப் புரட்டுவான். நெல் நனையட்டும். அந்த நெல்லில்தான் தை வரைக்கும் சோறு. முளைத்துப்போகும், தெரியும். எடை போடவில்லை என்பது இந்நேரம் மகனுக்குத் தெரிந்திருக்கும். மாலையில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். அவன் கை ஓங்கும்போது நடுவில் வந்து நிற்க இப்போது வீட்டில் யாரும் இல்லை. பஸ்ஸில் பார்த்தவர்கள் யாராவது சொல்லி, அந்த ஃப்ளெக்ஸ் எங்கே என்று மகன் கேட்டால், காற்றில் போய்விட்டது என்பார். அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டார்.

வயலில் ஒருவரும் இல்லை. மழை வரப்புக்கு மேல் கண்ணை மறைத்துக்கொண்டு பெய்தது. அடுத்த போகமான தாளடிக்கு உழுது போட்டிருந்த சேறு முழங்கால் வரை வாங்கியது. வயலின் மூலையில், ஏர் போகாத இடமாகப் பார்த்து, குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளிக் குழி பறித்தார். இடது கைக்கு வலு இல்லை. அந்தக் கையைப் பிடித்து, ‘இன்னும் ஒரு தடவ மாமா, இன்னும் ஒரே ஒரு தடவ’ என்று மடக்கி நீட்டிப் பழக்கியவளின் குரல் காதில் கேட்டது.

குழிக்குள் ஃப்ளெக்ஸை மடித்து வைத்தார். மடித்த பிறகு, ஜன்னல் மேலே வந்துவிட்டது. மழைத்துளி விழ விழ அந்தச் சிரிப்பு பளபளத்தது. கையில் அள்ளிய சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு அவர் சிறிது நேரம் நின்றார்.

பிறகு சேற்றைக் கீழே போட்டுவிட்டு, கையை வாய்க்கால் தண்ணீரில் அலசினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்து, குழந்தையின் முகத்தின்மேல் நாலாக மடித்து வைத்தார். அதன்மேல் மெதுவாக மண்ணைத் தள்ளினார்.